பின்வரிசை மூன்று

ஆறு பிளக் மாற்றியதாகப் பில் எழுதினேன். மாற்றியது மூன்று.

2016 ஜூன் மாதம், அபுதாபி முசஃபா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், நான் வேலை பார்த்த ஒர்க்‌ஷாப்பில் நடந்தது. வண்டி டொயோட்டா ஆரியன், 2008 மாடல். கொண்டுவந்தவன் சாயல்குடிப் பக்கத்துத் தம்பி. ஒரு கம்பெனியில் டிரைவர் வேலை. மிச்சம் பிடித்த காசில் சொந்தமாக ஒரு பழைய வண்டி வாங்கியிருந்தான். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை.

வண்டியின் அமைப்பைச் சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். ஆரியனில் இருப்பது 3.5 லிட்டர் வி6 என்ஜின். ஆறு சிலிண்டரும் மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் சாய்ந்து நிற்கும். என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருப்பதால் ஒரு வரிசை ரேடியேட்டர் பக்கம், இன்னொரு வரிசை டிரைவர் காலடிக்கு முன்னாலுள்ள தகரச் சுவரை ஒட்டி. முன்னால் 2, 4, 6. பின்னால் 1, 3, 5. முன்வரிசைக்குப் பானட்டைத் தூக்கி மேலிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் போதும், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் மூன்று காயிலும் கண்ணெதிரே இருக்கும். காயிலுக்கு ஒரு பத்தாம் நம்பர் போல்ட். இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

பின்வரிசையின் தலைமேல் சர்ஜ் டேங்க் கவிழ்ந்து கிடக்கும். ஆறு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்தனுப்பும் பெரிய கூடு அது. அதை எடுக்க முதலில் வைப்பர் கைகள், பிறகு வைப்பர் மோட்டார், பிறகு அதைத் தாங்கும் தகரத் தட்டு எல்லாம் வெளியே வரவேண்டும். அதற்கப்புறம் த்ராட்டில் பாடிக்குப் போகிற வயர்கள், கூலன்ட் ஹோஸ்கள், வேக்குவம் டியூப்கள். டேங்கைப் பின்பக்கம் பிடித்திருக்கும் பிராக்கெட் போல்ட்டுகளுக்குக் கை போகும், கண் போகாது. எல்லாம் கழன்று டேங்க் வெளியே வந்ததும், அடியில் காற்றுத் துவாரங்கள் திறந்துகிடக்கும். நேராக வால்வுக்குப் போகிற வழி. ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தாலும் அன்றைய தூக்கம் போச்சு. துணி அடைத்துவிட்டுத்தான் மூச்சு விடுவோம்.

அதன் பிறகுதான் பிளக். காயிலை உருவி, குழிக்குள் ஏர் அடித்து மண்ணை வெளியேற்றி, எக்ஸ்டென்ஷன் போட்ட பதினாறாம் நம்பர் பிளக் சாக்கெட்டை உள்ளே இறக்க வேண்டும். சுவருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ராட்செட் இரண்டு பல் திரும்புகிற அளவுக்குத்தான் இடம். அபுதாபியில் ஜூன் மாதம் ஷெட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கும் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். முழுசாகச் செய்தால் மூன்று மணி நேரம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறல்.

இந்த வேலை எனக்குத் தெரியாதது இல்லை. நான் தொழில் படித்தது கோவில்பட்டியில், 1994-இல், ஓர் அண்ணாச்சியின் ஷெட்டில். அப்போது வந்த வண்டிகளில் பாதி அம்பாசிடர். நாலு பிளக்கும் என்ஜினின் பக்கவாட்டில் வரிசையாக, கைக்கு வாகாக இருக்கும். கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்த்து மாட்டுவோம். மாருதி ஆம்னி வந்தபோது அது வேறு உலகம். முன்சீட்டைத் தூக்கினால்தான் என்ஜின். தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கையை உள்ளே விடுவதற்கு முன்னால் அண்ணாச்சி ஒரு ஜாண் நீளப் பெட்ரோல் டியூபை என்னிடம் கொடுத்தார்.

"பிளக்கோட வெள்ளை மண்டையில டியூப மாட்டு. டியூப விரலால திருப்பி இறக்கு. மரை சரியா விழுந்தா தன்னால போவும். கோணலா விழுந்தா டியூபு வழுக்கும், பிளக்கு நிக்கும். ஸ்பேனர் போட்டேன்னு வையி, அதுக்குக் கோணல் நேர் தெரியாது. இழுத்துட்டுப் போயிரும்."

இன்னொன்றும் சொன்னார். முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற திசையில் மெல்லச் சுற்ற வேண்டும். மரையின் வாய் ஒன்றுசேர்கிற இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன 'டக்' கிடைக்கும். அங்கிருந்து வலப்பக்கம். கையாலேயே கடைசிவரை போக வேண்டும். வாஷர் உட்கார்ந்த பிறகு, புது வாஷர் என்றால் ஸ்பேனரில் அரைச் சுற்று, பழைய வாஷர் என்றால் அதைவிட மிகக் குறைவு. அதற்கு மேல் பலம் காட்டக்கூடாது. கழற்றிய பழைய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படிதான் துணியில் அடுக்க வேண்டும். நுனி வெளிர்ப் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய் ஈரம் என்றால் ரிங்கையோ வால்வு சீலையோ சந்தேகப்படு. வரிசை மாறிப்போனால் எந்தச் சிலிண்டர் என்ன சொல்கிறதென்று தெரியாமல் போகும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி, பிளக்கைப் பார்த்தே என்ஜினின் உடம்பைச் சொல்லிவிடுவார் அவர். இன்றைக்கும் அந்த வித்தை மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

தொடக்கம் 2013-இல். ஒரு வி6 வண்டியின் பின்வரிசையில் நடு பிளக். அன்று டியூபைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவசரத்தில் சாக்கெட்டிலேயே பிளக்கை வைத்து இறக்கினேன். இரண்டு சுற்று லேசாகப் போயிற்று. மூன்றாவது சுற்றில் பிடித்தது. புது மரை அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ராட்செட்டை இழுத்தேன். ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. கேட்கவா வேண்டும். திரும்பக் கழற்றியபோது பிளக்கின் மரையில் வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம் சுற்றிக்கொண்டு வந்தது.

அன்றிரவு பன்னிரண்டு மணி வரை நின்று, டேப்பில் கிரீஸ் தடவி, தூள் சிலிண்டருக்குள் விழாமல் கால் சுற்று கால் சுற்றாக வெட்டியெடுத்து, உள்ளே புது மரைச் சுருள் போட்டுச் சரிசெய்தோம். வண்டி போயிற்று. செலவு என் சம்பளத்தில் மூன்று மாதம் பிடிக்கப்பட்டது. அதில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை, தப்பு என்னுடையது. ஆனால் அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத குழிக்குள் பிளக்கை இறக்கும்போதெல்லாம் என் கை நடுங்க ஆரம்பித்தது. விரலுக்கு அந்த 'டக்' கிடைத்தாலும் நம்ப மாட்டேன். கழற்றுவேன், மறுபடி மாட்டுவேன், மறுபடி கழற்றுவேன். மூன்று மணி நேர வேலை ஐந்து மணி நேரமாயிற்று. ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்ப்பார்.

பயமாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் தொழில் செய்தவன் பிளக் மாட்டப் பயப்படுகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு நாள் முன்வரிசையை முடித்துவிட்டு, பின்வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னால் மூன்று வண்டி காத்திருந்தது. மூடியை மாட்டினேன். பில்லில் ஆறு என்று எழுதினேன். வண்டிக்காரருக்கு வித்தியாசம் தெரிந்தது, நன்றாக இழுக்கிறது என்று சந்தோஷப்பட்டார். ஆறில் மூன்று புதிதாக இருந்தாலே வித்தியாசம் தெரியத்தானே செய்யும்.

பயத்தில் செய்தது அந்த முதல் தடவை மட்டும்தான். இரண்டாவது தடவையிலிருந்து பயத்தைக் காரணம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மிச்சமான மூன்று பிளக்கை அடுத்த வண்டியின் முன்வரிசைக்குப் போட்டேன். அந்த வண்டிக்கு வாங்க வேண்டிய ஆறின் காசு என் பையில். ஒரு பிளக் நாற்பது திர்ஹம். நான் ஊருக்கு அனுப்பிய பணத்தில் இதுவும் கலந்திருக்கிறது. என் மகள் பள்ளிக்கூடக் கட்டணத்தில் கலந்திருக்கிறது. பாக்கெட் டைரியில் அன்றன்றைய வேலையைக் குறித்துவைப்பது என் வழக்கம். ஊர் திரும்பிய பிறகு அதை எடுத்து எண்ணிப் பார்த்தேன். 2013-க்கும் 2016-க்கும் நடுவில் முப்பத்தொரு வி6 வண்டிக்குப் பிளக் மாற்றியதாக எழுதியிருக்கிறேன். முறையாகச் செய்ததாக நிச்சயமாக நினைவிருப்பது பன்னிரண்டு.

தம்பியின் வண்டி இந்தக் கணக்கில் கடைசி. லட்சத்துத் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. உள்ளே இருந்தது கம்பெனி போட்ட இரிடியம் பிளக்குகள். ஆயுள் அதிகம்தான், ஆனால் அவையும் தேயும். மூவாயிரம் சுற்று வேகத்தில் ஒரு பிளக் நிமிஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு தடவை பொறி விட வேண்டும். ஒவ்வொரு பொறியும் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளியைக் கொண்டுபோகும். இடைவெளி அகல அகல, அதைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். சமதளத்தில் மெல்லப் போகும்போது தெரியாது. பாரம் ஏறி, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்ட முடியாமல் விட்டுவிடும். அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்.

முன்வரிசையை மாற்றினேன். அவன் அன்று கம்பெனி வேலையில் இருந்ததால் கூட நிற்கவில்லை. சாயங்காலம் வந்தபோது, பின்வரிசை எவ்வளவு கஷ்டம், எதையெதையெல்லாம் கழற்ற வேண்டியிருந்தது என்று பத்து நிமிஷம் விளக்கினேன். வைப்பர் தட்டைக் கழற்றும்போது கிளிப் உடையாமல் பார்க்க வேண்டும் என்பது வரை சொன்னேன். அன்று அந்த வண்டியில் வைப்பரைத் தொடவேயில்லை. இருநூறு திர்ஹம் கூலிக்கு அந்தப் பேச்சு தேவைப்பட்டது. அவன் மறு பேச்சில்லாமல் நானூற்று நாற்பதைக் கொடுத்துவிட்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்றான்.

ஜூலையில் நோன்புப் பெருநாள் விடுமுறை. அவன் அம்மா விசிட் விசாவில் வந்திருந்தார். அல் ஐனுக்கு அழைத்துப்போய் ஜெபல் ஹஃபீத் மலையைக் காட்டலாம் என்று கிளம்பியிருக்கிறான். அபுதாபியிலிருந்து அல் ஐன் வரை பாலைவனத்தில் ரோடு சமமாக ஓடும், வண்டி ஒன்றும் சொல்லவில்லை. ஜெபல் ஹஃபீத் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம், மலைப்பாதை பன்னிரண்டு கிலோமீட்டர் வரும். ஏசியையும் போட்டுக்கொண்டு நாலு பேரோடு ஏறினால் அதுதான் பாரம். பாதி மலையில் வண்டி உதற ஆரம்பித்தது. செக் என்ஜின் லைட் விட்டுவிட்டு மின்னியது. லைட் நின்று எரிந்தால் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகலாம். மின்னினால் உடனே ஓரம்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போய், கேட்டலிஸ்ட் என்கிற பீங்கான் கூட்டுக்குள் எரிந்து அதை நாசமாக்குகிறது என்று அர்த்தம். அவனுக்கு அது தெரியாது. நான் சொல்லிக்கொடுத்திருக்கலாம். பிளக் புதிதாகத்தானே மாற்றியிருக்கிறோம், சின்னக் கோளாறாகத்தான் இருக்கும் என்று நம்பி, உதறிக்கொண்டே அபுதாபி வரை ஓட்டி வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஷெட்டில் நான் மட்டும் இருந்தேன். ஸ்கேனர் போட்டேன். பி0303. மூன்றாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். பின்வரிசையின் நடு பிளக்.

"பிளக்கா இருக்காதுண்ணே, நீங்கதான் போன மாசம் மாத்திட்டீங்களே. வேற என்னன்னு பாருங்க" என்றான் அவன். அவன் குரலில் சந்தேகம் துளிகூட இல்லை.

அவன் அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் வேறொரு வண்டியில் ஸ்டார்ட்டர் மோட்டார் கழற்றியதில் வலது கை முழுக்கக் கீறல்.

"என்னய்யா, கை பூரா கிழிஞ்சு கெடக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் சொன்னான். "இந்த வண்டியில பின்னாடி பிளக் மாத்தணும்னா அப்பிடித்தாம்மா. கை போற எடமே இல்ல. அண்ணன் போன மாசம் அவ்வளவு கஷ்டப்பட்டு மாத்திக் குடுத்தாரு."

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "எம் புள்ள வண்டிக்குப் பாத்தா இப்பிடி ஆச்சு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் பையிலிருந்து ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டிப் பொட்டலம் ஒன்றை எடுத்து என் இடது கையில் வைத்தார்.

சொல்லிவிடுவதற்கு அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்லவில்லை. காயில் போயிருக்கும், சாயங்காலம் வா என்று அனுப்பிவிட்டேன்.

அன்று தனியாகச் சர்ஜ் டேங்கைக் கழற்றினேன். அவனுடைய மூன்று புது பிளக்கும் ஒரு மாதமாக என் டூல் பாக்ஸிலேயே இருந்தன. இடையில் வேறு வி6 வண்டி வரவில்லை. பழைய பிளக்குகளை எடுத்து கேஜ் வைத்தேன். 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 1.5 தாராளமாகப் போயிற்று. பெட்ரோல் டியூபை வெட்டி, அண்ணாச்சி சொன்னபடியே மூன்றையும் இறக்கினேன். கை நடுங்கத்தான் செய்தது. ஆனால் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. மூன்று வருஷமாக எதற்குப் பயந்து ஊரை ஏமாற்றினேனோ, அந்த வேலை அவ்வளவுதான்.

காயிலில் ஒரு குறையும் இல்லை. துடைத்துத் திரும்ப மாட்டினேன். சாயங்காலம் வந்தவனிடம் காயிலுக்கு இருநூற்று எண்பது, கூலி நூறு என்று வாங்கிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை என்பதால் பில் இல்லை. முழுவதும் என் பையில்தான் போயிற்று. ஏற்கெனவே காசு வாங்கிவிட்டுச் செய்யாத வேலையைச் செய்துவிட்டு, அதற்கே மறுபடியும் காசு வாங்கியிருக்கிறேன்.

செப்டம்பரில் முல்கியா என்கிற வண்டிப் பதிவைப் புதுப்பிக்க, பாசிங் சோதனைக்குப் போன இடத்தில் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். இந்தத் தடவை ஸ்கேனர் பி0420 என்று காட்டியது. பின்வரிசையின் கேட்டலிஸ்ட் வேலை செய்யவில்லை. ஹஃபீத் மலையிலும் அங்கிருந்து திரும்பி வந்த வழியிலும் வெந்தது. "பழைய வண்டிதானே தம்பி, இதுக்கும் ஒரு ஆயுசு இருக்கு" என்றேன். ஆயிரத்து நூறு திர்ஹம். அவன் இரண்டு தவணையாகக் கொடுத்தான். அந்த மாதம் அவன் ஊருக்குப் பணம் அனுப்பியிருக்க முடியாது.

அதற்குப் பிறகு நான் ஒரு வண்டியிலும் பின்வரிசையை விடவில்லை. இதை ஒரு நல்ல காரியமாக எழுதவில்லை. 2019-இல் திரும்பி வந்து கோவில்பட்டியில் சின்னதாக ஷெட் போட்டிருக்கிறேன். பிளக் மாற்றினால் பழையதைப் புது பிளக் வந்த அட்டைப்பெட்டியிலேயே போட்டு, சிலிண்டர் நம்பர் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுப்பேன். சிலர் எதற்கு இந்தக் குப்பை என்று வாங்க மறுப்பார்கள். கட்டாயப்படுத்திக் கொடுப்பேன். என்னிடம் வேலை படிக்கிற பையன்களுக்கு அது வழக்கம் என்றுதான் தெரியும், காரணம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்கள்.

போன மாதம் தம்பிக்கு ஃபோன் செய்தேன். நம்பர் மாறவில்லை. குரலைக் கேட்டதும் அடையாளம் கண்டுகொண்டான். அம்மா நலமாக இருக்கிறார், இப்போதும் என்னை விசாரிப்பார் என்றான். அந்த ஆரியனை விற்று நாலு வருஷம் ஆகிறதாம். நான் விஷயத்தைச் சொன்னேன். அன்று ஆறு பிளக் மாற்றவில்லை, மூன்றுதான் மாற்றினேன், மலையில் வண்டி உதறியதும் கேட்டலிஸ்ட் போனதும் என்னால்தான் என்றேன். சொல்லி முடித்ததும் நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

அவன் வெகுநேரம் பேசவில்லை. பின்னால் ரோட்டுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப அந்தக் காயிலுண்ணே?" என்றான்.

அதை நான் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தும் வைத்திருக்கவில்லை. பிளக்கைச் சொன்னதோடு நின்றுவிட்டேன், அவ்வளவுதான். சரி பாதி வேலை. அவன் கேட்டதற்கு அப்புறம் அதையும் சொன்னேன், வெள்ளிக்கிழமை, பில் இல்லை, இருநூற்று எண்பது, கூலி நூறு என்று ஒன்றுவிடாமல். அவனுக்கு வர வேண்டிய மொத்தத்தையும் கணக்குப் போட்டு வைத்திருப்பதாகவும், கணக்கு எண் கொடுத்தால் அனுப்புவதாகவும் சொன்னேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஃபோனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவனிடமிருந்து வங்கிக் கணக்கு எண் வந்தது. வேறு ஒரு வார்த்தையும் இல்லை. பணம் அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததா என்று கேட்டு எழுதியதற்கு இன்னும் பதில் வரவில்லை.